சார், எந்தப் பவுடர் வாங்கலாம்?

(மாவட்ட அளவிலான ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில், அரசு மேல்நிலைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாடு முடிந்து கண் செருகும் நேரத்தில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். பி.டி. சார் ஆயிற்றே, எல்லாரையும் எழுப்பிக் கையை மேலே தூக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயப்பட வேண்டாம். உட்கார்ந்தே கேட்கலாம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'வளரிளம் பருவப் பளுதூக்கும் மாணவர்களும் ஊட்டச்சத்துத் துணைப்பொருள்களும்'. சப்ளிமெண்ட், புரோட்டீன் பவுடர் என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அவைதாம். இது மைதானத்துச் சங்கதி, நமக்கு எதற்கு என்று கணக்கு ஆசிரியரும் தமிழாசிரியரும் நினைக்கக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். அரை மணி நேரத்தில் உங்களுக்கும் இதில் வேலை இருப்பது தெரிந்துவிடும்.

நான் வேலூர் மாவட்டத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் பளுதூக்குதல் என்பது தெரு விளையாட்டு மாதிரி. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்ட்டிலும் நடந்த காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலேயே வந்து, "சார், நானும் தூக்கணும்" என்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். ஆண்டுதோறும் குறைந்தது ஐந்தாறு பேராவது என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார், எந்தப் பவுடர் வாங்கலாம்?"

இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை தவறாகப் பதில் சொன்னேன். இன்னும் சரியாகச் சொன்னால், யாரும் கேட்காமலேயே தவறாகச் சொன்னேன். அங்கிருந்து தொடங்குகிறேன்.

நான் சொன்ன ஒரு வார்த்தை

சில ஆண்டுகளுக்கு முன்பு பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன். 15 வயது, 55 கிலோ எடை. நல்ல கால் வலு, சொன்னதை அப்படியே செய்யும் குணம். மாவட்டப் போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தபோது ஸ்நாட்ச்சில் ஒரே எடையில் நின்றுவிட்டான். மூன்று வாரம் ஆகியும் இரண்டு கிலோகூட ஏறவில்லை. ஒரு நாள் மாலை பார்பெல்லைக் கீழே போட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவனிடம், "உடம்புல சத்தே இல்லடா. புரோட்டீன் ஏத்துடா" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த பையனைப் பார்க்கப் போய்விட்டேன்.

புரோட்டீன் என்று நான் சொன்னது முட்டையையும் பருப்பையும் நினைத்துக்கொண்டு. அவன் காதில் அது டப்பா என்று விழுந்திருக்கிறது. ஊரில் உள்ள ஜிம் ஒன்றில் கேட்டிருக்கிறான். அங்கே ஒரு பெரிய டப்பாவையும், பயிற்சிக்கு முன் குடிக்க என்று சில சிறு பாக்கெட்டுகளையும் கொடுத்திருக்கிறார்கள். பில் கிடையாது. அவன் அம்மா காதில் கிடந்ததை அடகு வைத்துப் பணம் கொடுத்திருக்கிறார். எனக்கு எதுவும் தெரியாது. எடை கொஞ்சம் ஏறியது. நானும் மகிழ்ந்து தட்டிக்கொடுத்தேன். எப்படி ஏறியது என்று கேட்கவில்லை.

போட்டி நாள் காலை எடை பார்க்கும் இடத்தில் அவன் கை நடுங்கியது. முகம் வியர்த்திருந்தது. "நெஞ்சு படபடன்னு அடிக்குது சார், நாலு நாளா தூக்கமே வரல" என்றான். போட்டியை விட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடுதலாக இருந்தன. என்ன சாப்பிட்டாய் என்று மருத்துவர் கேட்டபோதுதான் பையிலிருந்து பாக்கெட் வெளியே வந்தது. அன்று காலை மட்டும் இரண்டு பாக்கெட். காஃபின் அளவுக்கு மீறிப் போயிருக்கலாம், வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியவில்லை, உடனே நிறுத்து என்றார் அந்த மருத்துவர். ஒரு நாள் வைத்திருந்து கவனித்து அனுப்பினார்கள். நல்லவேளை, வேறொன்றும் ஆகவில்லை.

மாலையில் அவன் அம்மா வேலை முடிந்து நேராக மருத்துவமனைக்கு வந்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். "நீங்க சொன்னீங்கன்னு சொன்னான். அதான் சார் வாங்கிக் குடுத்தேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த டப்பாவில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த இரவுக்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்கவும், மருத்துவர்களையும் உணவியல் வல்லுநர்களையும் கேட்கவும் ஆரம்பித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்கிறேன்.

முதலில் தட்டைப் பார்ப்போம்

அவன் உடம்பு தேறியபின் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு நாளில் என்னென்ன சாப்பிடுகிறாய் என்று எழுதச் சொன்னேன். காலையில் டீயும் இரண்டு பொறையும். மதியம் பள்ளிக்கு எதிரே தள்ளுவண்டியில் எலுமிச்சைச் சாதம். மாலைப் பயிற்சிக்கு முன் ஒன்றுமில்லை. இரவு சோறு, ரசம், சில நாள் குழம்பு. கூட்டிப் பார்த்தால் புரதம் 35 கிராம் தேறுவதே சந்தேகம்.

13 முதல் 15 வயது வரையுள்ள சாதாரண ஆண் பிள்ளைக்கே நாளொன்றுக்குச் சுமார் 45 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. கடும் பயிற்சி செய்கிற விளையாட்டு வீரர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்று விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்கள் கணக்குச் சொல்கிறார்கள். 55 கிலோ பையனுக்கு 66 முதல் 110 கிராம். நடுவில் 80 என்று வைத்துக்கொள்வோம். ஆக, இவன் தூக்க முடியாமல் நின்றதற்குக் காரணம் பயிற்சியிலும் இல்லை, பவுடர் இல்லாததிலும் இல்லை. பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறான்.

இந்த 80 கிராமைச் சாப்பாட்டிலேயே கொண்டுவர முடியுமா? போர்டில் போட்டுப் பார்ப்போம். காலையில் நான்கு இட்லி, சாம்பார், இரண்டு அவித்த முட்டை: ஏறக்குறைய 24 கிராம். மதியம் பள்ளிச் சத்துணவு, முட்டையோடு: 18. மாலைப் பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும்: 7. பயிற்சி முடிந்ததும் ஒரு பெரிய டம்ளர் பால்: 8. கூடவே ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல்: 10. இரவு சோறோ சப்பாத்தியோ, பருப்புக் கூட்டு, அதோடு மீன் அல்லது ஒரு கைப்பிடி சோயா உருண்டை: 20. மொத்தம் 87. ஒரு பொடியும் சேர்க்காமல் தேவையைத் தாண்டிவிட்டோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சோறும் இட்லியும் போதுமான அளவு உள்ளே போகாவிட்டால், உடல் புரதத்தையே எரித்து வேலை செய்துகொள்ளும். தசைக்குப் போக வேண்டியது அடுப்புக்குப் போய்விடும். அரிசிச் சோறு சாப்பிடாதே, புரோட்டீன் மட்டும் குடி என்று ஜிம்மில் சொல்வதைக் கேட்டு வரும் பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இப்போது விலைக் கணக்கு. ஒரு கிலோ புரோட்டீன் பவுடர் மூவாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 30 கரண்டி வரும். ஒரு கரண்டி நூறு ரூபாய், அதில் 24 கிராம் புரதம். அதே 24 கிராம் நான்கு முட்டையில் இருக்கிறது. முட்டை ஏழு ரூபாய் என்றாலும் இருபத்தெட்டு ரூபாய்தான். கணக்கு ஆசிரியர்களுக்கு வேலை இருக்கிறது என்றேனே, இதுதான் அது. விகிதக் கணக்கு நடத்தும்போது இதை ஒரு கணக்காகக் கொடுத்துப் பாருங்கள். நான் மைதானத்தில் பத்து முறை சொல்வதைவிட, பிள்ளை தானே போட்டு எடுத்த விடை மனத்தில் நிற்கும்.

அந்தப் பையன் பத்தாம் வகுப்பு. சத்துணவு அவனுக்கு உண்டு. வாரத்தில் ஐந்து பள்ளி நாளும் முட்டை உண்டு. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "பெரிய பசங்க கிண்டல் பண்ணுவாங்க சார்" என்றான். இலவசமாகக் கிடைக்கும் முட்டையைக் கூச்சத்தால் விட்டுவிட்டு, அம்மாவின் கம்மலை அடகு வைத்து டப்பா வாங்கியிருக்கிறான். அதற்கு மறுநாளிலிருந்து மதியம் நானும் என் பளுதூக்கும் பிள்ளைகளோடு சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்து என் சாப்பாட்டுப் பையைப் பிரிக்கிறேன். முதல் வாரம் நான்கு பேர் வந்தார்கள். இப்போது உட்கார இடம் தேட வேண்டியிருக்கிறது.

பள்ளிப் பிள்ளைக்கு வேண்டாதவை

2024இல் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களில், தசையைப் பெருக்குவதற்காகப் புரதப் பவுடர்களைத் தவிர்க்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கும் சேர்த்துச் சொன்னது அது. அதே ஆண்டு, இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பவுடர்களை வாங்கிச் சோதித்த மருத்துவ ஆய்வு ஒன்று வெளியானது. சுமார் 70 விழுக்காடு டப்பாக்களில் லேபிளில் போட்டிருந்த புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிமருந்து எச்சமும் இருந்தன.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. புரதத்தை நேரடியாக அளப்பதற்குப் பதில், பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவது வழக்கமான முறை. விலை மலிவான அமினோ அமிலங்களைக் கொட்டிக் கலந்தால் நைட்ரஜன் கூடும், காகிதத்தில் புரதமும் கூடிவிடும். உடம்புக்கு வேண்டிய தரமான புரதம் கூடாது. பத்தாம் வகுப்பு மாணவனுக்குப் புரியக்கூடிய வேதியியல்தான் இது.

பள்ளி வயதில் தொடவே கூடாதவை என்று நான் பிள்ளைகளிடம் சொல்லும் பட்டியல் இது.

முதலாவது, பயிற்சிக்கு முன் குடிக்கும் ஊக்கப் பொடிகளும் எனர்ஜி டிரிங்குகளும். இவற்றில் காஃபின் மிகுதி. காஃபின் கலந்த பானங்கள் குழந்தைகளுக்கு ஏற்றவை அல்ல என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அந்த எழுத்து பொடியாக இருக்கும், தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கொழுப்பைக் கரைக்கும், ஆண்மை ஹார்மோனைக் கூட்டும், பத்தே நாளில் தசை ஏற்றும் என்று விளம்பரம் செய்யப்படுபவை. தடை செய்யப்பட்ட பொருள்கள் அதிகம் கண்டுபிடிக்கப்படுவது இந்த வகைகளில்தான். மூலிகை, லேகியம் என்று எழுதியிருந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

மூன்றாவது, கிரியேட்டின். இது தடை செய்யப்பட்ட பொருள் அல்ல. பெரியவர்களிடம் நிறைய ஆராயப்பட்டதும்கூட. ஆனாலும் வளரும் பிள்ளைகளிடம் ஆய்வு குறைவு என்பதால் 18 வயதுக்குள் வேண்டாம் என்றே குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

நான்காவது, எடைப் பிரிவுக்குள் வருவதற்காகச் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை. இது ஆபத்தானது, தடை செய்யப்பட்டதும்கூட. வளரும் பிள்ளையின் எடை கூடினால் அடுத்த பிரிவில் தூக்கட்டும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடவிட்டு எடை குறைக்கிற பழைய வழக்கத்தை நம்மில் சிலர் இன்னும் விடவில்லை. விட்டுவிடுவோம்.

ஸ்டீராய்டு ஊசி, மாத்திரை பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை என்றாலும் ஒன்றைச் சொல்கிறேன். வளரிளம் பருவத்தில் அது எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சிப் பகுதியை முன்கூட்டியே மூடிவிடும். அந்தப் பிள்ளை அதற்குமேல் உயரமாக வளர மாட்டான். கல்லீரலும் இதயமும் கெடும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே துணைப்பொருள் தேவைப்படலாம். ரத்தசோகை இருக்கலாம், வைட்டமின் டி குறைவாக இருக்கலாம். பால் ஒத்துக்கொள்ளாமல், முட்டையும் சாப்பிடாத பிள்ளையாக இருக்கலாம். விடுதியில் தங்கி, ஒரு நாளில் இருவேளை பயிற்சி செய்கிற மாநில அளவிலான வீரராகவும் இருக்கலாம். அப்போது என்ன செய்வது?

யார் முடிவு செய்வது என்பது முதல் கேள்வி. மருத்துவரோ தகுதி பெற்ற உணவியல் வல்லுநரோ முடிவு செய்ய வேண்டும். ரத்தப் பரிசோதனை செய்து, குறைவு இருந்தால், குறைவுக்கு மட்டும். ஜிம் மாஸ்டர் சொல்லக்கூடாது. நானும் சொல்லக்கூடாது. பெற்றோருக்குத் தெரியாமல் எதுவும் கூடாது.

அடுத்து, பொருள் எளிமையானதாக இருக்க வேண்டும். உள்ளடக்கம் இரண்டு மூன்று வரியில் முடிய வேண்டும். இருபது முப்பது பெயர்கள் வரிசையாக இருந்தாலோ, எங்கள் தனிக் கலவை என்று எழுதி ஒவ்வொன்றின் அளவையும் மறைத்திருந்தாலோ வைத்துவிடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, லேபிள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். ஆணையத்தின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம் என்று தெரியும். தயாரித்த தேதி, காலாவதி தேதி, தொகுதி எண், வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதி செய்தவரின் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். மூடி முத்திரை உடைந்திருக்கக் கூடாது. பில் இல்லாமல் வாங்கக் கூடாது. டப்பாவைப் பிரித்துப் பொட்டலமாகக் கொடுப்பதை வாங்கவே கூடாது.

நான்காவதுதான் நம்மில் பலருக்குத் தெரியாதது. உரிம எண் இருப்பதால் ஊக்கமருந்து கலக்கவில்லை என்று பொருள் ஆகாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். 'இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்', 'என்.எஸ்.எஃப். சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்' என்ற முத்திரைகள், தயாரிப்பாளரோடு தொடர்பில்லாத ஆய்வகம் தடை செய்யப்பட்ட பொருள்களுக்காகச் சோதித்தது என்பதைக் காட்டுபவை. முத்திரையையும் போலியாக அச்சிடலாம். எனவே அந்த அமைப்புகளின் இணையதளத்தில் பொருளின் பெயரையும் தொகுதி எண்ணையும் சரிபார்க்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் ஆபத்து குறையுமே தவிர முற்றிலும் நீங்காது.

ஐந்தாவது, பதிவு. என்ன வாங்கினோம், எப்போது, எந்தத் தொகுதி என்று நோட்டில் எழுதி, டப்பாவையும் பில்லையும் படம் எடுத்து வைக்க வேண்டும். ஒருவனுக்கு எழுதிக் கொடுத்ததை இன்னொருவன் பங்கு போட்டுக் குடிக்கக் கூடாது. சளி, காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போனாலும் 'நான் விளையாட்டு வீரன்' என்று சொல்லப் பழக்குங்கள். தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் மருந்தின் பெயரைப் போட்டுத் தடை உண்டா என்று பார்க்கலாம்.

தெரியாமல் செய்தாலும்

"தெரியாம சாப்பிட்டான்னா விட்டுடுவாங்க இல்ல சார்?" என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். விடமாட்டார்கள். உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு அந்த வீரரே பொறுப்பு என்பதுதான் உலகெங்கும் உள்ள விதி.

2000, 2001 ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம், 13 நாடுகளில் வாங்கிய ஹார்மோன் அல்லாத 634 துணைப்பொருள்களைச் சோதித்தது. 94 பொருள்களில், அதாவது ஏறக்குறைய ஏழில் ஒன்றில், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் இருந்தன. 2011இல் நம் நாட்டுத் தொடர் ஓட்ட வீராங்கனைகள் சிலர் சோதனையில் சிக்கினார்கள். முந்தைய ஆண்டு ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய அணியைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் மாத்திரையில் கலப்படம் இருந்தது என்று வாதாடினார்கள். இங்கே கிடைத்த ஓராண்டுத் தடையை, சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2012இல் இரண்டாண்டு ஆக்கியது. பயிற்சியாளரை நம்பியதைக் காரணமாக அது ஏற்கவில்லை. அந்த வழக்கைப் படித்தபோது எனக்கு அந்த அம்மா சொன்ன வார்த்தைதான் காதில் ஒலித்தது.

16 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு விதியில் தனிப் பாதுகாப்பு உண்டு, தண்டனை குறையலாம். ஆனால் அப்படி ஒரு பிள்ளை சிக்கினால் அவனைச் சுற்றியிருக்கும் பயிற்சியாளரையும் உதவியாளரையும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். தடை செய்யப்பட்ட பொருளைப் பிள்ளைக்குக் கொடுத்தவருக்கு ஆயுள் தடைகூட வரலாம். 2022 முதல் நம் நாட்டில் இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

வகுப்பாசிரியர்கள் செய்யக்கூடியது

மைதானத்தில் பிள்ளை என்னோடு இருப்பது ஒரு மணி நேரம். உங்களோடு இருப்பது நாள் முழுதும். நான் பார்க்காததை நீங்கள் பார்ப்பீர்கள். சாந்தமான பையன் திடீரென்று சண்டைக்குப் போவது, முதுகிலும் முகத்திலும் அடர்த்தியாகப் பரு வருவது, ஓரிரு மாதத்தில் உடம்பு ஊதுவது, ஆண் பிள்ளைக்கு மார்பு வீங்குவது, கை நடுங்குவது, வகுப்பில் தூங்கி வழிவது. இவற்றில் சில இந்த வயதுக்கே உரியவைதாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் என்னைப் போன்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசுங்கள். பையைக் கொட்டி எல்லார் முன்னும் அவமானப்படுத்த வேண்டாம். அப்படிச் செய்தால் அடுத்த டப்பா நம் கண்ணில் படாத இடத்தில் இருக்கும்.

பெண் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் தூக்க வருகிறார்கள். மீராபாய் சானுவின் டோக்கியோ வெள்ளிப் பதக்கத்துக்குப் பிறகு எங்கள் பள்ளியிலேயே எண்ணிக்கை கூடியது. இவர்களின் சிக்கல் வேறு. எடைப் பிரிவுக்காகச் சாப்பாட்டைக் குறைப்பார்கள், மாதவிடாய் தள்ளிப்போகும், யாரிடமும் சொல்ல மாட்டார்கள். பட்டினியோடு பயிற்சி செய்தால் எலும்பு பலவீனமாகும். ஆசிரியைகள் இதை அவர்களிடம் பேச வேண்டும். என்னிடம் அவர்கள் சொல்லத் தயங்குவார்கள்.

இன்னொன்று. நம் பள்ளிகளில் அரசே ஒரு துணைப்பொருளைக் கொடுக்கிறது. வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை. தரம் பார்த்துக் கொடுப்பது, விலை கிடையாது. ரத்தத்தில் இரும்பு குறைந்தால் தசைக்கு ஆக்சிஜன் குறையும், எந்தப் பிள்ளையும் எடை தூக்க முடியாது. அந்த மாத்திரை எங்கே போகிறது? எங்கள் பள்ளிப் புளியமரத்தடியில் நானே பொறுக்கியிருக்கிறேன். வயிறு குமட்டுகிறது என்பார்கள். வெறும் வயிற்றில் போடாமல் மதியச் சாப்பாட்டுக்குப் பின் போடவைத்தால் குமட்டல் குறையும். உடனே டீ குடிக்கக் கூடாது. நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும். குடற்புழு மாத்திரையையும் அப்படியே நம் கண்முன் சாப்பிடவைக்க வேண்டும். புழு இருக்கும் வயிற்றில் எந்தப் பவுடரைக் கொட்டி என்ன பயன்?

நான் சொல்லவந்தது இவ்வளவுதான். இப்போதும் பிள்ளைகள் என்னிடம், "சார், எந்தப் பவுடர் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. "காலையில என்ன சாப்பிட்ட?" என்று திருப்பிக் கேட்கிறேன். பத்தில் எட்டுப் பேருக்கு அந்தக் கேள்வியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. மீதி இரண்டு பேரை அவர்களின் பெற்றோரோடு மருத்துவரிடம் அனுப்புகிறேன்.

அந்தப் பையன் பதினோராம் வகுப்பிலும் எங்கள் பள்ளியிலேயே படித்தான். அதற்கு அடுத்த ஆண்டு மாவட்டப் போட்டியில் தூக்கினான், பதக்கம் வரவில்லை, நான்காம் இடம். ஆனால் நின்றுபோன அந்த எடையைத் தாண்டி எட்டுக் கிலோ கூடுதலாகத் தூக்கினான். அதை ஏற்றியது முட்டையும் கடலையும்தான். அவன் அம்மா அரங்கத்தின் ஓரத்தில் நின்று பார்த்தார். கம்மலைத் திருப்பிவிட்டாரா என்று என் கண் போனது. காதில் கிடந்தது.

நாம் போகிற போக்கில் சொல்லும் ஒரு வார்த்தையை ஒரு வீடு நம்பிச் செலவழிக்கிறது. அதைக் கவனத்தில் வைத்துச் சொல்வோம்.